மூஸா நெய்னாவுக்கு ஒரு வக்கீல்

என் தகப்பனார் செல்வதுரை வக்கீல் கடனிலிருந்து மீட்டுவிட்ட ஆட்களை வரிசையாக நிறுத்தினால், தூத்துக்குடித் துறைமுகத்தில் தொடங்கி ஏரல் சந்தை வரைக்கும் போகும். அவர் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு இன்சால்வென்சி என்கிற திவால் கேஸுக்கு எழுந்தால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு நாக்கு வறண்டுவிடும். துறையில் தோணிக்காரர்கள் பாயை இறக்கிவிட்டுத் தீர்ப்பு என்ன என்று காத்திருப்பார்கள்.

கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றது ஒரே ஒரு ஆள். காயல்பட்டினம் மூஸா நெய்னா. அப்பா தம் ஆயுளில் நடத்திய இன்சால்வென்சி கேஸும் அது ஒன்றுதான். மற்றபடி நாங்கள் சாப்பிட்டது பனைமரத்துச் சாப்பாடு. இந்த மரம் உன் எல்லையிலா, என் எல்லையிலா என்று சாத்தான்குளம், நாசரேத் பக்கத்து அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டு வருவார்கள். அப்பா போய் மரத்தை எண்ணுவார். திரும்பி வந்து மறுபடியும் தாளில் எண்ணுவார். தோணிக்காரர்கள் யாரும் எதற்கும் காத்திருந்ததில்லை.

ஆனால் மூஸா நெய்னாவின் மனுவை எழுதியது நான். 1944-ஆம் வருஷம் எனக்கு இருபத்திரண்டு வயது. இன்டர்மீடியட் முடித்துவிட்டு வாத்திச்சி வேலைக்கு உத்தரவு வரட்டும் என்று வீட்டில் இருந்தேன். அப்பாவின் மனுக்களுக்குச் சுத்தப் பிரதி எழுதுவது என் பொறுப்பு. குமாஸ்தா பிச்சையாவின் கையெழுத்தைவிட என் கையெழுத்து நன்றாக இருக்கும். இது கூட்டிச் சொன்னதல்ல.

மூஸா நெய்னாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பன்னிரண்டு வயதில் கொழும்புக்குப் போய் மாமா கடையில் துணி மடித்தவர். கணக்கு எழுதப் படித்ததும் சிங்களம் பேசப் படித்ததும் அங்கேதான். ஊருக்குத் திரும்பி ருகையா பீவியை நிக்காஹ் செய்துகொண்டு, தூத்துக்குடியில் சங்கு வியாபாரம் தொடங்கினார். கடலில் குளித்து எடுக்கிற சங்கெல்லாம் சர்க்காருக்குச் சொந்தம். சர்க்கார் ஏலம் விடும். ஏலத்தில் எடுத்துச் சாக்குச் சாக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பினால், அங்கே அதை அறுத்து வளையல் செய்து கல்யாணப் பெண்ணுக்குப் போடுவார்கள். வங்காளத்தில் பெண்கள் கல்யாணம் செய்துகொள்கிற வரைக்கும் மூஸா நெய்னாவுக்கு ஒரு குறையும் வராது என்று கடற்கரையில் பேச்சு.

வாரத்தில் ஐந்து நாள் சங்குச் சரக்கு வைக்கிற கிட்டங்கி மாடியில் படுக்கை. வியாழக்கிழமை சாயங்காலம் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறிக் காயல்பட்டினம் போவார். சனிக்கிழமை திரும்புவார். அந்த ஊர் வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கே வீடு பெண்ணுக்கு. தகப்பன் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எத்தனை வருஷம் ஆனாலும் அவர் மாப்பிள்ளைதான். அவருக்கென்று தனித் தட்டு, தனி விரிப்பு, வந்ததும் குடிக்க ஏலக்காய் போட்ட பால். இருபத்தைந்து வருஷமாக ருகையா பீவி வீட்டில் மூஸா நெய்னாவுக்கு இந்த மரியாதை ஒரு வியாழக்கிழமை கூடத் தவறியதில்லை.

நாற்பத்து மூன்றில் வங்காளத்தில் பஞ்சம். கல்யாணத்தை யார் நினைத்தார்கள். ரயில் பெட்டிகளையெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏலத்தில் எடுத்த சங்கு கிட்டங்கியில் கூரை தொடக் கிடந்தது. கடன் வாங்கி எடுத்த சரக்கு அது. ஒரு வட்டிக்கடைக்காரர் கோர்ட்டில் டிக்ரி வாங்கிவிட்டார்.

அந்த வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் காஜா. அவரும் காயல்பட்டினத்துக்காரர், மூஸா நெய்னாவை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார். ஒரு நாள் மத்தியானம் கிட்டங்கிக்கு வந்து, வெற்றிலை எச்சிலைத் துப்புகிற மாதிரி வெளியே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“காக்கா, எங்க மொதலாளி ஒங்கள உள்ள தள்ளுததுக்கு வாரண்டு கேட்டு எழுதிட்டாரு. பதினோரு நாள்ல கோர்ட்டு அமீனா வாரான். ஜெயில்ல ஒங்க சாப்பாட்டுப் படியையும் இப்பவே கட்டியாச்சு.”

சிவில் ஜெயிலில் கடன்காரனைப் போட்டால், போட்டவனேதான் அவனுக்குச் சோறு போட வேண்டும், சட்டம் அப்படி. மூஸா நெய்னா, படி எவ்வளவு கட்டினார் என்று மட்டும் கேட்டாராம். காஜா சொன்னார். பரவாயில்லையே என்றாராம்.

தப்பிக்க ஒரே வழி, அமீனா வருவதற்கு முன்னால் கோர்ட்டுக்குப் போய், என்னிடம் ஒன்றும் இல்லை, இருப்பதை எடுத்து எல்லோருக்கும் பங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுப்பது. ஊரில் அதற்கு மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று பேர். அதற்கு வக்கீல் வேண்டும். காஜா இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: வக்கீலைப் பார்க்கிற செய்தி வெளியே தெரிந்தால் வட்டிக்கடைக்காரர் பதினோரு நாள் பொறுக்க மாட்டார், மறுநாளே அமீனாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவார்.

அன்று முதல் மூஸா நெய்னாவுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பசி மட்டும் வேளாவேளைக்கு வந்தது. கிளப்புக் கடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சங்குச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். கறி வைத்தார்களா மீன் வைத்தார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதையெல்லாம் பின்னால் அவரே அப்பாவிடம் சொன்னார், வேறு யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிற மாதிரி.

தூத்துக்குடியில் மஞ்சள் கடுதாசிக்கென்றே பேர் போன வக்கீல் ஒருவர் இருந்தார். அவர் பேர் வேண்டாம். பேரப்பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு காப்பிக் கடை. ஊரில் கடன் கொடுத்தவர்களின் கணக்கப்பிள்ளைகள் எல்லோரும் காலையில் அந்தக் கடையில்தான் காப்பி குடிப்பார்கள். காப்பி அப்படி ஒன்றும் நன்றாக இருக்காது. வக்கீல் வீட்டுப் படியில் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பதற்கு அங்கே வருவார்கள். வார் அறுந்தது உப்பளக்காரரோடது, புதுசாத் தோல் வைத்துத் தைத்தது கருவாட்டுக்காரரோடது என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். பத்து மணிக்குள் செய்தி பஜாருக்குப் போய்விடும்.

மூஸா நெய்னாவின் செருப்பு கொழும்பில் செய்தது. பித்தளை வளையம் வைத்தது. ஊரில் வேறு யார் காலிலும் அது கிடையாது. வெறுங்காலோடு போகலாமா என்று யோசித்தார். சங்கு முதலாளி வெறுங்காலோடு தெருவில் போனால் அது இன்னும் பெரிய செய்தி. செருப்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்றும் யோசித்தார். மூன்று நாள் அந்தத் தெருவில் போனார், வந்தார். மூன்றாம் நாள் காப்பிக் கடைக்காரர், என்ன மொதலாளி இந்தப் பக்கமே சுத்துதிய என்று விசாரித்துவிட்டார். தையற்காரனைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பக்கத்துத் தையற்கடைக்குள் நுழைந்து ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். அந்தச் சட்டையை அவர் போய் வாங்கவே இல்லை.

ஐந்தாம் நாள் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பெரிய பலகை மாட்டிய வக்கீல். வாசல் நிறையக் கட்சிக்காரர்கள். அந்த வக்கீல் மனுஷரின் முகத்தைப் பார்க்காமல், என்ன சரக்கு, எத்தனை பேருக்குக் கடன், நிலம் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்து, சம்சாரத்துக்கு மஹர் பாக்கி எவ்வளவு என்று கேட்டார்.

மஹர் என்பது நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பதாகச் சொல்லிப் பள்ளிவாசல் ஏட்டில் பதிகிற தொகை. கொடுக்காமல் வைத்திருந்தால் அதுவும் கடன். பெண்டாட்டியும் கடன் கொடுத்தவர்களில் ஒருத்தி. அந்த வக்கீலுக்கு இது வாடிக்கையான வேலை. பத்தாயிரம் என்று போடுவோம் என்றாராம். எல்லோரையும்விடப் பெரிய கடன் அவளுடையது என்று ஆனால் பங்கு வைக்கும்போது பெரும் பங்கும் அவளுக்கே வரும். முன்வாசலால் போகிற பணம் பின்வாசலால் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

மூஸா நெய்னா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பட்டியலில் பேர் இருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாமல் எப்படி இருக்கும் என்றார் வக்கீல். பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுக்குச் சிரமம் இல்லை.

நிச்சயமாகப் போகுமா என்று மூஸா நெய்னா மறுபடியும் கேட்டார். போகும் என்றார் அவர். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடி வண்டி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது போய்விட்டது. அடுத்த வண்டிக்கு ஏறினார்.

டிக்ரி ஆனதிலிருந்து இரண்டு வியாழக்கிழமை அவர் ஊருக்குப் போகவில்லை. முதல் வாரம் ஏலம் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் வாரம் சரக்கு ஏற்றுகிறோம் என்று சொல்லி அனுப்பினார். ஏலமும் இல்லை, ஏற்றுவதற்கு வண்டியும் இல்லை.

எட்டாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாழைத்தார் வந்து நின்றது. கூலியாள் தலையில் தார். அதற்குப் பின்னால் மூஸா நெய்னா. எங்கள் வாசலுக்கு இது புதிதல்ல. எல்லைத் தகராறுக்காரர்கள் தாரோடோ கருப்பட்டிச் சிப்பத்தோடோதான் வருவார்கள். என் அம்மா அற்புதமணி, யார் என்ன என்று கேட்காமலே தாரை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிச்சையா நோட்டை விரித்து, மரம் எத்தனை என்று கேட்டார்.

“மரம் இல்ல.”

“வரப்பா?”

“வரப்பும் இல்ல. மஞ்சக் கடுதாசி.”

பிச்சையா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் பகலில் அந்தக் கதவு சாத்தியதே கிடையாது, கீல் கத்தியது. அப்பா உள்ளே இருந்து வந்து கேட்டுவிட்டு, தமக்கு இதில் பழக்கம் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, வாங்கியதோடு சரி, படித்ததில்லை.

“படிங்க வக்கீலய்யா,” என்றார் மூஸா நெய்னா. “இன்னும் மூணு நாள் இருக்கு.”

“அதுக்குன்னே ஆள் இருக்கும்போது எங்கிட்ட ஏன் வாரிய மொதலாளி?”

“ஒங்க வாசல்ல யாரும் செருப்பப் பாக்க மாட்டாங்க.”

அப்பாவுக்கு இது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று தெரியவில்லை. உட்காரச் சொன்னார். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். மூஸா நெய்னா டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கேஸ் பேசி முடிகிற வரைக்கும் அது கையிலேயே இருந்தது. ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. பிறகு அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்து, நல்லா இருந்திச்சி மகளே என்றார்.

அன்று முழுவதும் அப்பா புத்தகம் படித்தார். பிச்சையா பக்கத்தில் இருந்து பக்கம் புரட்டினார். மறுநாள் மூஸா நெய்னா மறுபடியும் வந்தார், இந்தத் தடவை கருப்பட்டியோடு. கடன்களுக்குப் பட்டியல் போட வேண்டும். நான் மையும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, பேர், ஊர், தொகை, வட்டி, வாங்கிய தேதி என்று சொல்லிக்கொண்டே போனார். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. சாக்குத் தைக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைகூட வந்துவிட்டது. நான் இரண்டு தரம் நிப்பு மாற்றினேன்.

கடைசியில் சொன்னார்: “ருகையா பீவி. காயல்பட்டினம். என் சம்சாரம். மஹர் பாக்கி, அம்பத்தோரு ரூவா.”

அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அந்த வரி வேண்டாம் என்றார். முந்தின நாள் படித்த படிப்பில் அவருக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. ஊரில் கள்ள மஞ்சள் கடுதாசி கொடுக்கிற ஒவ்வொருவனும் பெண்டாட்டி பேரைத்தான் முதலில் போடுகிறான். இந்த ஒரு பேரைப் பார்த்ததும் எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொள்வான். பட்டியல் முழுவதும் பொய் என்பான். ஜட்ஜ் மனுவைத் தள்ளிவிடுவார். அன்று சாயங்காலமே அமீனா வந்துவிடுவான். ஐம்பத்தோரு ரூபாய்க்காக ஜெயிலுக்குப் போவதா?

“நெல்லையில ஒருத்தர் அத பத்தாயிரமாக்கச் சொன்னாரு,” என்றார் மூஸா நெய்னா. “நீங்க இல்லாமலே ஆக்கச் சொல்லுதிய. நான் சொல்லுதது அம்பத்தொண்ணு.”

“ஒங்க நல்லதுக்குத்தானே சொல்லுதேன்.”

“அவ பேரு இல்லேன்னா எனக்குக் கேஸே வேண்டாம் வக்கீலய்யா. அமீனா வரட்டும்.”

குரல் உயரவில்லை. கடையில் ஒரு சாமான் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு எழுந்து, செருப்புக்குள் காலை விட்டார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா மொதலாளி என்று பிச்சையா கேட்டார். சொல்லணும் என்றார் அவர்.

நான்தான் அந்த இடத்தில் அப்பாவோடு வாதாடி, சட்டப் பிரிவை எடுத்து நீட்டி, அவரைச் சம்மதிக்க வைத்தேன் என்று என் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. நான் நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேசியது பிச்சையா. இருக்கிற கடனை மறைத்தாலும் பொய் மனுதானே ஐயா என்றார், பனைமரத்தில் ஒன்று விட்டுப்போனதைச் சொல்வது போல. முதலெல்லாம் போன ஒரு மனுஷன், பெண்டாட்டிக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு ரூபாய் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று நிற்கிறான். இப்படி ஒரு கட்சிக்காரன் இனிமேல் தமக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுதும்மா தேவகனி என்றார். எழுதினேன்.

வக்காலத்திலும் மனுவிலும் மூஸா நெய்னா கையெழுத்துப் போட்டார். முழுப் பேரையும் எழுதிக் கீழே சுழித்து ஒரு கோடு. கல்கத்தா பில்லுகளில் போடுகிற அதே கையெழுத்து. ஃபீஸ் என்ன என்று கேட்டார். இரண்டு சாக்குச் சங்கு அனுப்பட்டுமா என்றார். நீங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி அந்தச் சங்கில் ஒன்றை எடுத்தாலும் கோர்ட்டுச் சொத்தைத் திருடியது ஆகும் என்று அப்பா புதிதாகப் படித்ததைச் சொன்னார். ஆக, அந்தக் கேஸுக்கு எங்களுக்குக் கிடைத்த ஃபீஸ் ஒரு வாழைத்தாரும் அரைச் சிப்பம் கருப்பட்டியும்தான். தாரில் பாதி அதற்குள் தீர்ந்திருந்தது.

பத்தாம் நாள் சப் கோர்ட்டில் மனு தாக்கல் ஆனது. அன்று பிற்பகலே, விசாரணை முடிகிற வரைக்கும் கைது கூடாது என்று இடைக்கால உத்தரவும் கிடைத்தது. பதினோராம் நாள் அமீனா வாரண்டோடு கிட்டங்கிக்கு வந்தான். மூஸா நெய்னா உத்தரவை எடுத்துக் காட்டினார். அவன் படித்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம், திவாலானவர் சொத்தைக் கோர்ட்டுக்காகப் பொறுப்பேற்கிற ரிசீவர் ஆபீஸிலிருந்து வந்து கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். மூஸா நெய்னா பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிவாசலில் போய்த் தங்கினார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருகிறவர்கள், ஊருக்குப் போகவில்லையா காக்கா என்று கேட்டால், போகணும் என்பார்.

ஒரு மாதம் கழித்து விசாரணை. நானும் போயிருந்தேன். பெண்கள் கோர்ட்டுக்குப் போவது அப்போது வழக்கம் இல்லை. பட்டியலின் அசல் என்னிடம் இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். அப்பா பயந்தது அப்படியே நடந்தது. எதிர்க்கட்சி வக்கீல் பட்டியலைக் கையில் எடுத்தார். மேலே இருந்த பேர்களை விட்டுவிட்டுக் கடைசி வரியைப் படித்தார்.

“மனுதாரரின் சம்சாரம், யுவர் ஆனர். இது போலிக் கடன். ஜோடித்த கடன்காரி.”

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்தார். எழுந்தாரே தவிர, பனைமரம் இல்லாத இடத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை. மனு தள்ளுபடியானால் இடைக்கால உத்தரவும் போய்விடும். அமீனா வாசலில் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். நான் மூஸா நெய்னாவைப் பார்த்தேன். அவர் மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிச்சையா பின்னால் இருந்து அப்பாவின் அங்கியைப் பிடித்து இழுத்தார். காயல்பட்டினத்து நோட்டீஸுக்குப் பதில் ஒன்று கோர்ட்டு ஆபீஸுக்கு வந்து கேஸ் கட்டில் சேர்ந்திருக்கிறது என்றார். கட்டைப் பிரித்தார்கள். ஒரு தாள் இருந்தது. யாராலும் படிக்க முடியவில்லை. எழுத்து அரபி, பாஷை தமிழ். அந்த ஊர்ப் பெண்கள் கடிதம் எழுதுவது அந்த எழுத்தில்தான். படிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று ஜட்ஜ் கேட்டார். மனுதாரருக்குத் தெரியும், ஆனால் அவர் படித்தால் எதிர்க்கட்சி ஒப்புக்கொள்ளாது. அப்போது வட்டிக்கடைக்காரரின் பக்கத்தில் நின்ற காஜா, எனக்குத் தெரியும் என்றார். வட்டிக்கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். சொல்லியாயிற்று, இனி என்ன செய்வது.

காஜா தாளை வாங்கி வலப்பக்கத்திலிருந்து படித்தார். நீளமான கடிதம் அல்ல.

“எனக்கு என் மாப்பிள்ளையிடமிருந்து வரவேண்டியது ஒன்றுமில்லை. கோர்ட்டு ஐயா அவர்கள் என் பேரை எடுத்துவிடவும். அவங்களை வியாழக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லவும். ருகையா.”

எதிர்க்கட்சி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பங்கே கேட்காத ஒருத்தியைப் போலிக் கடன்காரி என்று எப்படிச் சொல்வது? ஜட்ஜ் அந்த ஒரு பேரை அடித்துவிட்டு மனுவை ஏற்றுக்கொண்டார். மூஸா நெய்னா திவாலானவர் என்று அன்றைக்குத் தீர்ப்பானது. அமீனா சுவரிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போனான்.

தீர்ப்பைப் பிச்சையா தமிழில் சொன்னபோது மூஸா நெய்னா தலையை ஆட்டினார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். செவ்வாய் என்றேன். சரி என்றார். வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறிப் போனதைப் பிச்சையா பார்த்ததாகச் சொன்னார். கையில் சாமான் ஒன்றும் இல்லையாம்.

வீடு ருகையா பீவிக்குச் சொந்தம், கோர்ட்டால் அதைத் தொட முடியவில்லை. அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். கொஞ்ச நாள் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். சங்கைப் பற்றிப் பேச மாட்டார் என்று சொல்வார்கள். கடற்கரைக்கும் போக மாட்டாராம். தட்டும் விரிப்பும் ஏலக்காய்ப் பாலும் முன்னைப் போலவே நடந்தன என்று கேள்வி. ஒரு தடவை அப்பாவைப் பார்க்க வந்தார். என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை.

என் வாழ்நாளில் எத்தனையோ கணவன் மனைவியரைப் பார்த்துவிட்டேன். ஐம்பத்தோரு ரூபாயை மறைக்காத ஒரு கணவனையும், அதை ஒரு கடிதத்தில் மன்னித்துவிட்ட ஒரு மனைவியையும் அந்தக் கோர்ட்டில்தான் பார்த்தேன். நான் கையால் எழுதிய அந்தப் பட்டியலில் யாரும் சந்தேகப்பட முடியாத மெய்யான வரி அந்தக் கடைசி வரிதான் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

இவ்வளவும் எழுதி, மூஸா நெய்னாவின் இளைய மகள் பதுருன்னிஸாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் இப்போது எங்கள் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறாள், என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்பாள். கேஸ் நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. செருப்புக்கும் வாழைத்தாருக்கும் சிரித்தாள். கடைசிப் பகுதி வந்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படித்தாள்.

“தேவகனி ராத்தா, இது தப்பால்ல இருக்கு. மஹர நிக்காஹ் அன்னைக்கே எண்ணிக் கொடுத்துட்டாக எங்க வாப்பா. பாக்கியே கெடையாது. பள்ளிவாசல் ஏட்டுல கையெழுத்து இருக்கு. உம்மா எதையும் மன்னிக்கல்ல, உள்ளதத்தான் எழுதுனாக. நோட்டீச நான்தான் வாசிச்சுக் காட்டுனேன். இல்லாத கடன ஏன் எழுதியிருக்காகன்னு கேட்டேன். ‘எல்லாம் போச்சுன்னு ஏங்கிட்ட சொல்ல அவுகளுக்கு வாய் வரல மகளே, கோர்ட்ட விட்டுச் சொல்லியிருக்காக’ன்னு சொல்லிட்டு, எழுதுததுக்குத் தாள் கேட்டாக.”